உவர்க் கிணற்றடியில் ஒரு கேத்தில்

காணி பார்க்க வருகிறவர்கள் இலங்கையின் வன்னியில் முதலில் விலையைக் கேட்பதில்லை. "தண்ணி எப்பிடி?" என்றுதான் கேட்பார்கள். புரட்டாதியில் கிணறு வற்றுமா, தேத்தண்ணி வைக்கலாமா, சவர்க்காரம் நுரைக்குமா என்று அது நீளும். தனியார் உறுதிக் காணியா அரசு கொடுத்த பெர்மிற் காணியா, பாதை எவ்வளவு அகலம், யானை இறங்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இத்தனைக்கும் விடை தெரிந்த ஆள் ஊரில் ஒருவர் இருப்பார். அவர் காணித் தரகர். எந்த வளவில் எந்த மா காய்க்கும், பூட்டிக் கிடக்கும் வீட்டுத் திறப்பு யாரிடம், எந்த அண்ணனும் தம்பியும் எந்த வேலிக்காக முகம் பாராமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தொழில். ஒரு கொலை நடந்தால் பொலிஸ் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்க்கும் தகவலில் பாதி அவருடைய கொப்பியில் ஏற்கெனவே எழுதியிருக்கும்.

அப்படிப்பட்ட ஒருவரைத் துப்பறிகிறவராக வைத்து ஒரு கதை எழுதினேன். ஊர் அவரைக் 'காணியக்கா' என்று கூப்பிடும். வேறு பெயர் நானும் வைக்கவில்லை. பழைய ஸ்கூட்டி, கைப்பையில் அளவுநாடா, காணி வரைபடங்கள் சுருட்டி வைத்த ஒரு குழாய். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். இரத்தம் கண்ணில் படாத, ஊர்ப்பேச்சும் தேத்தண்ணியும் நிறைந்த மர்மக்கதை வகை ஒன்று இருக்கிறதே, அதிலே வைத்து எழுதியது. இங்கே அந்தக் கற்பனை வழக்கை முடிவு வரைக்கும் அவிழ்த்து வைத்துப் பார்க்கப் போகிறேன். இப்படியொரு கதைக்கு வன்னி மண் தானாகத் தரும் தடயங்கள் எவை என்பதுதான் இந்த ஆய்வின் அக்கறை.

நடந்தது

பரந்தனுக்குக் கிழக்கே, கண்டாவளைப் பக்கமாக ஒரு குடியேற்றம். இரணைமடு வாய்க்கால் வயலுக்கு வருகிறது. கடல்நீரேரி கிட்ட இருப்பதால் கிணறுகள் மட்டும் ஒன்றுபோல இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நாக்கில் வைக்க முடியாத உவர், அந்தப் பக்கம் இளநீர் மாதிரித் தண்ணீர்.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தகப்பன் காலத்துப் பெர்மிற் காணி: வயல் ஒரு துண்டு, வீடும் மாமரமும் கிணறும் உள்ள மேட்டுக்காணி ஒரு துண்டு. தங்கையின் மகள் பக்கத்து ஒழுங்கையில் இருந்துகொண்டு மாமாவுக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்து வந்தாள்.

ஐப்பசி, முதல் மழை விழுந்த கிழமை. ஞாயிற்றுக்கிழமை விடிய மருமகள் வந்தபோது அவர் கிணற்றடியில் கிடந்தார். தலையின் பின்பக்கம் அடி. கிணற்றுக்கட்டில் பாசி. வாளி கவிழ்ந்திருந்தது. கட்டில் ஒரு கேத்தில் நிமிர்ந்து நின்றது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் அள்ள வந்தவர் வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொன்னது. திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்துவிட்டு, உடலைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் பிரேத பரிசோதனைக்கு அனுப்பினார். அவருக்கும் சந்தேகம் பெரிதாக இல்லை.

காணியக்கா செத்தவீட்டுக்கு எல்லோரையும்போலத்தான் வந்தார். பழைய எல்லைகளைப் பற்றிக் கேட்க அடிக்கடி அந்தத் திண்ணையில் குந்தி எழும்புகிறவர். அந்த ஒழுங்கையில் காணி பார்க்க வருகிற ஆட்களையும் அந்தக் கிணற்றடிக்குக் கூட்டி வந்து, "இது மாட்டுக்கும் தோட்டத்துக்கும். குடிக்கிறதெண்டா அயல் மாமி வீட்டுக் கிணறு" என்று தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்கச் சொல்லியே பேரம் பேசுவார். கிணற்றுக்கட்டில் நின்ற கேத்திலைக் கண்டதும் அவர் முகம் மாறியது. யாரிடமும் சொல்லவில்லை. படலையில் நின்ற பொலிஸ் சார்ஜனிடம் மட்டும் மெல்லப் போனார்.

"சேர், அப்பு இந்தக் கிணத்தில ஒருநாளும் தேத்தண்ணிக்கு அள்ளமாட்டார்."

"அம்மா, வயசு போன ஆள். மறந்திருப்பார்."

"தன்ர பேர் மறந்தாலும் தண்ணி மறவார், சேர்."

வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. கேத்திலை அங்கே கொண்டுவந்து வைத்த கை அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்துப் பழகாத கை.

சந்தேகத்துக்குரியவர்கள்

நால்வர். மேற்குப் பக்கத்து வளவுக்காரர்: இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, கல்லும் இல்லை. கதியால் போட்ட இடம் தன் காணிக்குள் என்று அவருக்கும் பெரியவருக்கும் ஓயாத சண்டை. கனடாவிலிருந்து வந்து நிற்கும் ஒருவர்: இந்தக் காணியை வாங்கவென்று இன்னொரு தரகரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பெரியவர் மறுத்ததால் கொதிப்பில் இருந்தவர். மருமகள்: காணியைப் பெரியவர் அவள் பேருக்கு எழுதப் போகிறார் என்பது ஊரறிந்த கதை. கடைசியாகப் பெறாமகன், பெரியவரின் தமையன் மகன். வவுனியாவில் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் கிளாக்கர். ஊர்ப்பக்கம் அருமையாகத்தான் வருவார். சித்தப்பாவுக்குக் கொள்ளி வைத்தவரும் அவர்தான்.

வாசிக்கிறவர் முதலில் வளவுக்காரரைத்தான் பிடிப்பார், பிடிக்க வேண்டும். இரவில் யாரோ வளவுக்குள் கிண்டிய குழிகள் இரண்டு மூன்று இருக்கின்றன. புதையல் தேடினார்கள் என்று ஊர் கதைக்கிறது. புதைத்த தங்கம் என்ற கதை அலையாத ஊர் வன்னியில் இல்லையென்றே சொல்லலாம். அதனால் இந்த வதந்திக்கு நான் எதையும் சோடிக்க வேண்டியிருக்கவில்லை. குழிகள் ஒரு நேர்கோட்டில் இருப்பதைக் காணியக்கா காண்கிறார். வரைபடத்தை விரித்து அளவுநாடாவைப் பிடிக்கிறார். கிண்டியவர் தங்கம் தேடவில்லை, மண்ணுக்குள் போன பழைய நில அளவைக் கல்லைத் தேடியிருக்கிறார். "கல்லைக் கண்டியளோ அண்ணை?" என்று அவர் நேரே போய்க் கேட்க, மனுசன் வெட்கத்தோடு கல்லையே கொண்டுவந்து காட்டுகிறார். கல் பெரியவர் சொன்ன இடத்தில்தான் இருந்திருக்கிறது. அதைச் சொல்லிச் சமாதானமாவதற்குள் அவர் செத்துவிட்டார் என்று அழுகிறார். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

காகிதம்

இந்த வழக்கின் நெஞ்சு இந்தப் பகுதி. கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

உறுதிக்காணி என்றால் கதை எளிது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசின் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினால் காணி கைமாறும். வன்னியின் குடியேற்றக் காணிகளில் பெரும்பகுதி அப்படியானதல்ல. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தவை. முதலில் அனுமதிப்பத்திரம் (ஊர் சொல்லும் பெர்மிற்), பிறகு நிபந்தனைகள் நிறைவேறினால் அளிப்பு என்னும் பத்திரம். அனுமதிப்பத்திரக் காணியை அதிகாரியின் சம்மதமில்லாமல் விற்க முடியாது. விற்றால் அந்த எழுத்துக்குப் பெறுமதி கிடையாது.

ஆகவே கனடாக்காரர் கொடுத்த அட்வான்ஸ் ஒன்றுக்கும் உதவாத காசு. பெரியவர் இருந்தாலும் போனாலும் அவருக்குக் காணி வரப்போவதில்லை. மேற்கு வளவுக்காரருக்கும் அதே நிலைமை. தனியார் காணியை 10 வருடம் எதிருரிமையோடு, அதாவது உரியவரின் உரிமையை ஏற்காமல் தன் காணியாகவே ஆண்டால் 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கைகொடுக்கலாம். போரால் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்கள் அதனால் காணி இழக்கக்கூடாது என்று 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. ஆனால் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது.

இதில் ஒரு எழுத்தாளர் இடறி விழக்கூடிய குழி இருக்கிறது. சட்டப்படி இலாபம் இல்லை என்பதால் ஒருவர் நிரபராதி ஆகிவிட மாட்டார். கொலைக்குக் காரணம் ஆள் நம்பிய சட்டத்தில் இருக்கிறது, அச்சிட்ட சட்டத்தில் அல்ல. காணி கிடைக்கும் என்று பிழையாக நம்பியும் ஒருவர் கொல்லலாம். ஆகவே காணியக்கா இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்: இந்தச் சாவால் உண்மையிலே ஆருக்கு இலாபம்? அந்த இலாபம் ஆருக்குத் தெரியும்?

விடை பின்னுரித்தில் இருக்கிறது. பெர்மிற் காணிக்குத் தனக்குப் பிறகு யார் என்று உரிமையாளர் ஒருவரை நியமிக்கலாம். அது குறிப்பிட்ட உறவுகளுக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை எழுதியதை மாற்றவும் செய்யலாம். நியமிப்பதோ மாற்றுவதோ, அந்தப் பத்திரம் உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதிந்திருந்தால்தான் செல்லும். ஒப்பமிட்டது காணாது. பிரதேச செயலகத்தில் முத்திரை குத்தியதும் காணாது. பதிவுக்கு முன் கண்ணை மூடினால் பழைய பெயர்தான் நிற்கும்.

பெரியவர் பல வருடத்துக்கு முன்பு தமையன் மகனின் பெயரை எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். நியமனம் எதுவும் இல்லாத காணியிலும் சட்டத்தின் உரித்து வரிசை ஆண்களுக்கே முன்னிடம் கொடுத்தது. 2022 இல் வந்த திருத்தம்தான் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. பெரியவருக்குச் சட்டத் திருத்தம் தெரியாது. சோறு தந்த கை எது என்பது தெரியும். வெள்ளிக்கிழமை பிரதேச செயலகம் போய் மருமகளின் பெயருக்கு மாற்றி ஒப்பமிட்டார். அந்தப் போம், அதாவது படிவம், பதிவகத்துக்குப் போக இருந்தது திங்கட்கிழமை. அவர் செத்தது ஞாயிறு விடிய.

ஊர் மருமகளை ஒருமாதிரிப் பார்க்கத் தொடங்கியது இதனால்தான். "போன வெள்ளிதான் எழுதினவர், ஞாயிறு ஆள் இல்லை." கேட்பவருக்கு அது பாரிய சந்தேகம். காணியக்காவுக்கு அது தலைகீழ். செவ்வாய்க்கிழமை செத்திருந்தால் மருமகளைச் சந்தேகிக்கலாம். ஞாயிறு செத்ததால் அவள் எல்லாவற்றையும் இழந்துவிட்டாள். பெரியவர் சாவதால் இலாபம் அடைய ஒருவருக்குத்தான் இரண்டு நாள் அவகாசம் இருந்தது. அந்த இரண்டு நாளின் அருமை தெரிய வேண்டுமானால் பதிவகத்துக்குப் பத்திரம் சுமந்து பழகியிருக்க வேண்டும்.

வாசகருக்குக் காட்ட வேண்டிய நேர்மை

1930 இல் இலண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு கழகம் தொடங்கினார்கள். துப்பறிகிறவருக்குக் கிடைத்த தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட சத்தியங்களில் ஒன்று. நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆகவே பின்னுரித்து விதியைக் கடைசியில் தூக்கிப் போடவில்லை. கதையின் தொடக்கத்திலேயே, வேறொரு குடும்பத்தின் காணிப் பிரச்சினையைத் தீர்க்கும்போது காணியக்கா அதைச் சொல்லிவிடுகிறார். செத்தவீட்டில் யாரோ "அந்தக் காணி உறுதி" என்று சொல்ல, பெறாமகன் தன்னை அறியாமலே "உறுதி இல்லை, அனுமதிப்பத்திரம். இன்னும் அளிப்புக்கூட வரேல்லை" என்று திருத்துகிறார். அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் வந்த அந்தத் திருத்தம் கூர்மையான வாசகருக்குப் போதும்.

கேத்திலும் அப்படித்தான். மாமி வீட்டிலிருந்து மருமகள் குடத்தில் தண்ணீர் கொண்டு வருவதை இரண்டு இடத்தில் வெறும் காட்சியாக வைத்தேன். இந்த இரண்டு தடயங்களும் குறுக்கே வெட்டும் புள்ளியில் ஒரே ஒருவர் நிற்கிறார்: காகிதம் முழுக்கத் தெரிந்தவர், தண்ணீர் தெரியாதவர். மருமகளுக்குத் தண்ணீர் தெரியும், காகிதம் தெரியாது. வளவுக்காரருக்கும் அவ்வாறே. கனடாக்காரருக்கு இரண்டும் தெரியாது, போம் மாற்றியதைப் பற்றி அவரிடம் சொல்லவும் ஆளில்லை. அந்த மற்றத் தரகர்தான் வெள்ளி பின்னேரம் பெறாமகனுக்குப் போன் அடித்து வாய் விட்டவர்.

வன்னியில் கொலைக் கதை

இந்த மண்ணில் சாவை வைத்து இலேசான கதை எழுதலாமா என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் இருந்தது. 2009 மே வரை இங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் வீதியில் குந்தினார்கள். தங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற ஒரே கேள்வியோடு குந்தினார்கள்.

அதனால்தான் எழுதலாம் என்ற முடிவுக்கு வந்தேன். இந்தக் கதை வகையில் ஒரு மனிதர் செத்தால் ஊரே நின்றுவிடும். யார், ஏன், எப்படி என்று கேட்டு விடை எடுக்காமல் கடைசிப் பக்கம் வராது. ஒரு கிழவனின் சாவு அவ்வளவு பெரிய விசயமாக இருக்கும் ஊரை வன்னியில் கற்பனை செய்வது எனக்கு விளையாட்டு வேலை அல்ல. கதைக்குள் போரைக் கொலையின் காரணமாக வைக்கவில்லை. காணாமல் போன வேலியாக, மண்ணுக்குள் போன எல்லைக்கல்லாக, திரும்பி வந்து இறைத்துத் துப்புரவாக்கிய கிணறாக அது இருக்கிறது. சிரிப்பு சாவிலிருந்து வரக்கூடாது, ஆட்களிலிருந்து வரவேண்டும் என்றும் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். மாமியின் வாய், காணியக்காவின் ஸ்கூட்டியை மறித்து நிற்கும் மாடுகள், காணி பார்க்க வந்துவிட்டு மாம்பழத்தோடு மட்டும் திரும்பிப் போகிறவர்கள்.

எட்டுச்செலவு

ஆங்கிலக் கதைகளில் கடைசியில் எல்லோரையும் ஒரு பெரிய வீட்டு மண்டபத்தில் கூட்டுவார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. எட்டுச்செலவுக்கு எல்லோரும் வந்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு வழக்கம் கதையைத் தாங்கி நிற்கிறது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தேத்தண்ணியும் சாப்பாடும் அயலிலிருந்து வரும். பெறாமகன் கொள்ளி வைத்த கையோடு வவுனியா போய்விட்டார். ஆகவே அந்த வளவின் தண்ணீரைப் பற்றி அவர் அறிய வழியே இருக்கவில்லை. எட்டாம் நாள்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. பெரியவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிறார்கள். பெண்கள் குசினியில் கைவேலையாக இருக்க, காணியக்கா கேத்திலை எடுத்து நீட்டுகிறார்.

"தம்பி, ஒருக்கா தேத்தண்ணிக்குத் தண்ணி அள்ளித் தாறியளோ?"

அவர் கேத்திலோடு நேரே பின்வளவுக் கிணற்றுக்கு நடக்கிறார். மாமி திண்ணையிலிருந்து சத்தம் போடுகிறார்: "ஐயோ தம்பி, அது உவரெல்லே! மாடு குடிக்கிற தண்ணி!" பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அழைக்கப்பட்டிருந்த சார்ஜன் சிரிக்கவில்லை. கிணற்றடியில் நிற்கும் மனிதரின் முகம் போகிற போக்கை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேத்தில் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது என்பதால் மிச்ச வேலையைப் பொலிஸுக்கு விட்டேன். காயத்தின் கோணம் கிணற்றுக்கட்டோடு பொருந்தவில்லை என்று சட்ட மருத்துவ அதிகாரியின் அறிக்கை. திண்ணைப் படியில் கழுவிய இரத்தம். வவுனியாவில் படுத்திருந்ததாகச் சொன்னவர் ஏ9 வீதி இரவு பஸ்ஸில் வந்து பரந்தன் சந்தியில் இறங்கியதைக் கண்ட தேத்தண்ணிக் கடைக்காரர். இவற்றைச் சுருக்கமாகவே கடந்தேன். இந்த வகைக் கதையில் வாசகருக்கு வேண்டியது கிணற்றடியில் கிடைத்துவிட்டது.

காணி என்னவாகிறது என்பதைப் பற்றி நிறைய யோசித்தேன். மருமகளுக்குக் கிடைத்தது என்று ஒரு வரியில் முடித்தால் வாசகர் மகிழ்வார், ஆனால் பெர்மிற் காணி ஒரு வரியில் முடியாது. கொலையாளியின் பெயர் பதிவில் நிற்கிறது, ஒப்பமிட்ட போம் பதியாமல் கிடக்கிறது. ஆகவே கடைசி அத்தியாயத்தில் காணியக்காவும் மருமகளும் பிரதேச செயலகத்தின் வாங்கில் கோப்போடு குந்தியிருக்கிறார்கள். தமையன் மகனின் குற்றத்தீர்ப்பு வரும்வரை முடிவு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அது வரைக்கும் வயலை விதைக்க மருமகளுக்கு வாய்மொழி அனுமதி. காலபோகம் பிந்திப் போகிறது, உழவு மெசினுக்குச் சொல்ல வேண்டும்.

"அக்கா, உங்களுக்குக் கொமிசன் எவ்வளவு தரவேணும்?"

"பெர்மிற் காணிக்குக் கொமிசன் எடுக்கேலாது, பிள்ளை. போம் நிரப்புவம், பேனையைத் தா."